மின்னணு ஆவணக் கூட்டமைப்பு: சேர என்ன தகுதி, விலகினால் என்ன கதி?

செட்டிநாட்டு ஊர்களில் கொஞ்ச காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. பேரேடு, கடுதாசி, கல்யாண ஏடு, பழைய போட்டோ என்று வீட்டில் கிடந்ததை எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஆளுக்கொரு ஹார்ட் டிஸ்க்கில் பூட்டி வைப்பதற்குப் பதில் எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டால் என்ன என்பதுதான் பேச்சு. நல்ல யோசனை. ஆனால் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ‘சந்தா எவ்வளவு’ என்ற கேள்வி வந்துவிடுகிறது, பேச்சும் அங்கேயே நின்றுவிடுகிறது. இதே வேலையை இருபது வருடத்துக்கு மேலாகச் செய்துவரும் கூட்டமைப்புகள் வெளிநாடுகளில் உண்டு. அவர்கள் உறுப்பினர் விதியை எப்படி எழுதினார்கள், எது நிலைத்தது, எது கவிழ்ந்தது என்று பார்த்தால் நமக்கு நிறைய வேலை மிச்சம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தா கடைசியில் பேச வேண்டிய விஷயம். முதலில் எழுத வேண்டியது, ஓர் உறுப்பினர் மற்றவர் பொருளுக்காக என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பது. அதற்கு அடுத்தது, அவர் விலகினாலோ காலமானாலோ அவர் கையில் இருப்பது யாருக்குப் போகும் என்பது.

எதைக் காப்பாற்றப் பேசுகிறோம் என்பதை ஒரே ஒரு பேரேட்டை வைத்துப் பார்க்கலாம். பர்மாக் கடையில் எழுதியது, 13 அங்குல உயரம், 8 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மை மங்கியிருக்கும், தமிழ் எண்களும் பின்னக் குறிகளும் இருக்கும், ஓரத்தில் யாரோ பென்சிலால் கூட்டிப் பார்த்திருப்பார்கள். அந்தப் பென்சில் கோடுவரை நாளைக்குப் படிக்கிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் 400 டிபிஐ அளவில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 400 பிக்சல் வீதம், வண்ணத்தில் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் ஒரு பக்கம் 5200-க்கு 3200 பிக்சல். சுருக்காத டிஃப் என்ற படக் கோப்பாக வைத்தால் சுமார் 50 எம்பி. 300 பக்கப் பேரேடு என்றால் 15 ஜிபி. 2 டெராபைட் டிஸ்க் ஒன்றில் ஏறக்குறைய 130 பேரேடு அடங்கிவிடும். மூன்று தலைமுறை எழுதிய கொடுக்கல் வாங்கல் முழுவதும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. சௌகரியம்தான், ஆபத்தும் அதுதான். பெட்டகச்சாலையில் கிடக்கும் பேரேட்டைக் கரையான் தின்று தீர்க்க வருடக்கணக்கில் ஆகும், பாதி போனாலும் மீதியைப் படிக்கலாம். டிஸ்க் கை தவறிக் கீழே விழுந்தால் 130-உம் சேர்ந்து போகும். விழவே இல்லை, பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்றாலும் நிம்மதி கிடையாது. சும்மா கிடக்கும் டிஸ்க்கும் கெடும், கோப்புக்குள் ஏதோ ஓரிடம் மாறிப்போயிருப்பது திறந்து பார்க்கும்வரை தெரியாது. திறந்து பார்த்தாலும் சில சமயம் தெரியாது.

இதில் செட்டிநாட்டுக்கு என்று தனிச் சிக்கல் இருக்கிறது. வீடு இங்கே, வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ. பங்காளிகளுக்குப் பொதுவான பரம்பரை வீடான ஒரு வளவுக்குப் பத்துப் பதினைந்து பங்கு, பூட்டிய கதவு, முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறப்பது. பங்கு பிரிந்து வீட்டை இடிக்கிறபோது தேக்குத் தூணும் கதவு நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய் நல்ல விலைக்கு விற்கும், காகிதம் எடைக்குப் போகும். அதற்குள் குடும்பத்தில் யாரோ ஒருவர், அநேகமாக வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மெனக்கெட்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருப்பார். அவர் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். எந்த டிஸ்க்கில் எது, எந்தக் கோப்புக்கு என்ன பெயர், கடவுச்சொல் என்ன என்பது அத்தனையும் அவர் ஒருவர் தலைக்குள் இருக்கும்.

தனி ஒருவர் சேர்த்தது அவருக்குப் பிறகும் நிலைத்ததற்கு நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் கோட்டையூர் ரோஜா முத்தையா. வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்த புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் சேர்த்தால் சுமார் 1 லட்சம். 1992-ல் அவர் காலமானார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கியது. பொருளை அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்து மைக்ரோஃபிலிம் எடுக்க ஏற்பாடு செய்தது. இன்றைய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படி வந்ததுதான். அந்த இரண்டு வருட இடைவெளியில் வேறு என்னவெல்லாம் நடந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும். எல்லாத் தொகுப்புக்கும் ஒரு சிகாகோ வராது. ஆகவே நாமே கூடித்தான் செய்ய வேண்டும்.

சரி, வெளியே எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்க நாடாளுமன்றம் 2000-ல் மின்னணுப் பொருள்களைப் பாதுகாக்கும் தேசியத் திட்டம் ஒன்றுக்காக 10 கோடி டாலர் ஒதுக்கி, பொறுப்பை லைப்ரரி ஆஃப் காங்கிரஸிடம் கொடுத்தது. அந்தத் திட்டத்தின் வழியாக 2010-ல் பிறந்தது என்டிஎஸ்ஏ (நேஷனல் டிஜிட்டல் ஸ்டூவர்ட்ஷிப் அலையன்ஸ்) என்ற கூட்டணி. பல்கலைக்கழகம், அரசுத் துறை, அருங்காட்சியகம், தனியார் கம்பெனி என்று பலதரப்பட்டவர்கள் அதில் உண்டு. இதில் சேர சந்தா கிடையாது. தனிநபர் தன் பெயரில் சேர முடியாது, நிறுவனமாகத்தான் சேர வேண்டும். மின்னணுப் பொருளை நீண்ட காலம் பாதுகாப்பதில் அந்த நிறுவனத்துக்கு உண்மையான ஈடுபாடு இருக்க வேண்டும், அதன் ஆட்கள் கூட்டணியின் குழுக்களில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். பணத்துக்குப் பதில் ஆள் கொடு, நேரம் கொடு என்பதுதான் அங்கே கணக்கு. 2016-ல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஒதுங்கி, கூட்டணியை நடத்தும் பொறுப்பு டிஜிட்டல் லைப்ரரி ஃபெடரேஷனுக்குப் போனது. தாய் நிறுவனம் மாறியும் கூட்டணி கலையவில்லை. வேலை உறுப்பினர்கள் கையில் பரவிக் கிடந்ததால்தான் என்பது என் கணிப்பு.

பிரிட்டனில் 2002-ல் தொடங்கிய டிஜிட்டல் பிரிசர்வேஷன் கோயலிஷன் வேறு வழியில் போனது. அங்கே சந்தா உண்டு, முழு உறுப்பினர், இணை உறுப்பினர் என்று படிநிலையும் உண்டு. எனக்குப் பிடித்த விஷயம் அதற்குள் இருக்கும் இன்னொரு வகைதான். மென்பொருள், சேமிப்பு இயந்திரம் இதெல்லாம் விற்கிற கம்பெனிகளை அவர்கள் விரட்டவில்லை, ‘ஆதரவாளர்’ என்று தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். வியாபாரி வரலாம், பேசலாம், உதவலாம், ஆனால் உறுப்பினர் வரிசை வேறு, அவர் வரிசை வேறு. நம் ஊரில் ஸ்கேன் செய்து கொடுக்கும் கடைக்காரரும், கிளவுட் இடம் விற்பவரும் முதல் கூட்டத்துக்கே வந்து நிற்பார்கள். அவர்கள் வேண்டும்தான். எந்த இயந்திரம் வாங்குவது என்று முடிவு செய்யும் ஓட்டு மட்டும் அவர்களிடம் போகக் கூடாது.

எனக்கு மிகவும் நெருக்கமாகப் படுவது மூன்றாவது மாதிரி. 2004-ல் அமெரிக்காவின் தென்கிழக்கில் ஆறு பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து மெட்டா ஆர்க்கைவ் என்ற கூட்டுறவைத் தொடங்கின. அது புயல் அடிக்கிற பகுதி, ஒரே கட்டடத்தை நம்பி இருக்க முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1990-களின் கடைசியில் உருவான லாக்ஸ் என்ற முறையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘நிறையப் பிரதி இருந்தால் பொருள் பிழைக்கும்’ என்பதுதான் அந்தப் பெயருக்குள் இருக்கும் வாசகமே. உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் இடத்தில் ஒரு சர்வர் வைத்து ஓட்ட வேண்டும், அந்த சர்வரில் தன் பொருள் மட்டும் இருந்தால் போதாது, மற்ற உறுப்பினர்களின் பொருளும் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். உன் பிரதி என் வீட்டில், என் பிரதி உன் வீட்டில். சர்வர்கள் அவ்வப்போது தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். ஒரு கோப்பு ஆறு இடத்தில் இருக்கிறது, ஐந்து ஒரே மாதிரி, ஒன்று மட்டும் மாறுகிறது என்றால் அந்த ஒன்றுதான் கெட்டது என்று பெரும்பான்மையை வைத்து முடிவு செய்து, நல்ல பிரதியில் இருந்து அதைச் சரிசெய்துகொள்ளும். யாரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டாம். தனியாக சர்வர் வைக்க வசதி இல்லாத சின்ன நூலகங்கள் பல ஒன்றுகூடி ஒரே உறுப்பினராகச் சேரவும் வழி வைத்திருந்தார்கள். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பெட்டி வைத்து ஒரே உறுப்பினராக நிற்பது போல.

கவிழ்ந்ததையும் சொல்ல வேண்டும், அதில்தான் பாடம் அதிகம். அமெரிக்காவில் 2012-ல் டிஜிட்டல் பிரிசர்வேஷன் நெட்வொர்க் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள், ஆண்டுச் சந்தா 20,000 டாலர், குறைந்தது 20 வருடத்துக்குப் பாதுகாப்பு என்ற வாக்குறுதி. 2018 கடைசியில் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். சந்தா கட்டிய பலர் பொருளே கொண்டுவந்து போடவில்லை என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. பணம் கட்டிவிட்டோம், பெயர் பட்டியலில் வந்துவிட்டது, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, பெயர் வைத்து, விவரம் எழுதிக் கொடுக்க ஆள் ஒதுக்கவில்லை. சில வருடம் போனதும், ஒன்றும் பயன்படுத்தவில்லையே, எதற்கு இந்தச் சந்தா என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சந்தாவை மட்டும் விதியாக வைத்தால் நமக்கும் இதுதான் நடக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பாசத்தோடு பணம் அனுப்பிவிடுவார்கள், பெட்டகச்சாலைப் பூட்டைத் திறக்க ஆள் வராது.

இந்த இடத்தில் நகரத்தார் நடைமுறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு விதிகளைப் படிக்கப் படிக்க எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. கல்யாணம் ஆனதும் அவரவர் நகரக் கோயிலில் புள்ளி எழுதுகிறார்கள், அதாவது புதுத் தம்பதியை ஒரு குடும்பமாகப் பதிகிறார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில். கோயிலில் இருந்து மாலை வந்தால்தான் கல்யாணம், புள்ளிக்கு இவ்வளவு என்று வரி, கணவனை இழந்தவர் அரைப்புள்ளி. உறுப்பினர் யார், அவர் என்ன தர வேண்டும், அவர் நிலைமை மாறினால் கணக்கு எப்படி மாறும் என்பது அத்தனையும் அதில் இருக்கிறது. சந்தாவும் இருக்கிறது, ஆனால் சந்தா கட்டியதால் யாரும் புள்ளி ஆவதில்லை, புள்ளியாக இருப்பதால் கட்டுகிறார். இந்தக் கட்டுக்கோப்பு நமக்கு அப்படியே உதவும். வாழ்க்கையில் ஆள் நிலைமை மாறும் என்று முன்கூட்டியே யோசித்து விதி எழுதியிருப்பது பெரிய விஷயம், மற்ற சங்கங்களின் விதிப்புத்தகத்தில் அது அபூர்வம்.

ஆனால் யார் சேரலாம் என்ற கேள்விக்கு அந்த முறையைப் பிடித்துக்கொண்டால் தப்பாகப் போகும். செட்டிநாட்டின் கதை நகரத்தார் வீட்டுக்குள் மட்டும் இல்லை. ஆத்தங்குடிக் கல் போட்டவர்களின் அச்சு வடிவங்கள், மர வேலை செய்த ஆசாரிக் குடும்பங்களின் கூலிக் கணக்கு, பழைய ஸ்டுடியோக்களில் கிடக்கும் கண்ணாடி நெகட்டிவ், பள்ளிக்கூட வருகைப் பதிவேடு, பர்மாவுக்குக் கடை ஆளாகவும் சமையல்காரராகவும் போனவர்கள் எழுதிய கடிதங்கள். இதை எல்லாம் வைத்திருப்பவர்களுக்குப் புள்ளி கிடையாது. அவர்கள் இல்லாமல் கட்டுகிற ஆவணம் அரைக் கதைதான் சொல்லும். ஆகவே தகுதி ஒன்றே ஒன்று போதும் என்பேன். பாதுகாக்க வேண்டிய பொருளோ, மற்றவர் பொருளைத் தன் இடத்தில் பாதுகாக்கும் மனமோ இருக்கிறதா? இருந்தால் உள்ளே வரலாம். ஸ்டுடியோக்காரர் வரலாம், ஊர் நூலகம் வரலாம், ஒரு வளவு முழுவதும் ஒரே உறுப்பினராக வரலாம். தனியாளாகச் சேர்ப்பதைத்தான் தவிர்க்கப் பார்க்க வேண்டும், என்டிஎஸ்ஏ வைத்த விதி இங்கே மிகவும் பொருந்தும். தனியாளாக வருகிறவர் குறைந்தது இன்னொருவர் பெயரைத் தனக்குப் பின் பொறுப்பாளராக எழுதிக் கொடுத்த பிறகுதான் சேர வேண்டும்.

அப்புறம் கடமை. இதை எழுத நாம் புதிதாக மூளையைக் கசக்க வேண்டாம். என்டிஎஸ்ஏ 2013-ல் வெளியிட்டு 2019-ல் திருத்திய பாதுகாப்பு நிலைகள் என்ற அட்டவணை நான்கு படிகளாக இருக்கிறது. சேமிப்புக்கு மட்டும் பார்த்தால், முதல் படியில் இரண்டு முழுப் பிரதி, வெவ்வேறு இடத்தில். இரண்டாவதில் மூன்று பிரதி, அதில் ஒன்றாவது வேறு ஊரில். மூன்றாவதில், அந்த வெளியூர்ப் பிரதி இருக்கும் இடத்துக்கு வரக்கூடிய ஆபத்து வேறு மாதிரியானதாக இருக்க வேண்டும். நான்காவதில் மூன்று பிரதியும் மூன்று விதமான ஆபத்துள்ள இடங்களில். காரைக்குடியில் ஒன்று, தேவகோட்டையில் ஒன்று என்று வைத்தால் இடம் இரண்டுதான், ஆபத்து ஒன்றுதான். சென்னையில் ஒன்று வைத்தால் வேறு ஆபத்து, ஆனால் 2015 டிசம்பரை மறந்துவிட்டுத் தரைத்தளத்தில் வைக்கக் கூடாது. மூன்றாவதைக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் வீட்டில் வைக்கலாம். ஆளுக்கொரு தேசத்தில் சிதறிக் கிடக்கிறோமே என்று வருத்தப்படுகிற அதே விஷயம் இந்த வேலைக்கு மட்டும் வசதியாக அமைந்துவிடுகிறது. புதிதாகச் சேருபவர் முதல் படியில் இருந்தால் போதும், இரண்டு வருடத்தில் இரண்டாம் படிக்கு வந்துவிட வேண்டும் என்று விதி வைக்கலாம். வராவிட்டால் வெளியேற்ற வேண்டாம், பக்கத்து ஊர் உறுப்பினர் ஒருவர் உதவிக்குப் போக வேண்டும் என்று அதே விதியில் சேர்த்து எழுதுங்கள்.

எல்லோரும் தயங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. ‘எங்க வீட்டு முறைச்சிட்டைய ஊரே பார்க்கணுமா?’ என்று ஓர் ஆச்சி கேட்டார், அந்தக் கேள்வியில் நூற்றுக்கு நூறு நியாயம் இருக்கிறது. பேரேட்டில் யார் யார் கடன் வாங்கினார்கள் என்று இருக்கும், முறைச்சிட்டையில் உயிரோடு இருப்பவர்களின் சீர் விவரம் இருக்கும். வைத்திருப்பது வேறு, காட்டுவது வேறு என்று விதியிலேயே பிரித்து எழுத வேண்டும். கிளாக்ஸ் என்ற அமைப்பில் பதிப்பாளர்களும் நூலகங்களும் சேர்ந்து ஆய்விதழ்களை இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பிரதி 12 இடங்களில் இருக்கிறது, யாரும் பார்க்க முடியாது. அந்த இதழ் எந்தப் பதிப்பாளரிடமும் கிடைக்காமல் போய்விட்டது என்று நிர்வாகக் குழு முடிவு செய்தால்தான் திறக்கும், அப்போது எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கும். நாமும் எந்தச் சூழ்நிலையில் திறக்கும் என்பதைப் பொருளைத் தருகிறவர் சேரும்போதே எழுதித் தரச் சொல்லலாம். இத்தனை வருடம் கழித்து, அல்லது குடும்பத்தில் இன்னார் சம்மதித்தால், அல்லது ஒருபோதும் வேண்டாம். ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று எழுதினாலும் பிரதி பத்திரமாக இருக்கும், அது போதும்.

கடைசியாக விலகல். மெனக்கெட்டு எழுத வேண்டிய விதி இதுதான், கூட்டத்தில் சங்கடப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடுவதும் இதைத்தான். விலகுகிறவர் தன் பொருளின் பிரதிகளைத் திருப்பிக் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் அழிக்கச் சொல்லலாமா? பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் மூலப்பொருள் அந்த நாட்டிலேயே இருக்கும், மின்னணுப் பிரதி ஒன்று உள்ளூரிலும் ஒன்று லண்டனிலும் இருக்கும். மூலம் வீட்டுக்காரருக்கு, பிரதி எல்லோருக்கும் பொறுப்பு என்ற அந்தப் பிரிவினையை நாமும் எடுத்துக்கொள்ளலாம். விலகுகிறவர் தன் பொருளை இனிமேல் யாருக்கும் காட்டக் கூடாது என்று பூட்டச் சொல்லலாம், அழிக்கச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்தின் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். தன்னிடம் இருக்கும் மற்றவர் பிரதிகளை வேறோர் உறுப்பினரிடம் ஒப்படைத்து, எல்லாம் சரியாக வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விலகல் முடிந்ததாகக் கணக்கு. உறுப்பினர் காலமாகிவிட்டால், அவர் எழுதிக் கொடுத்த பொறுப்பாளர் ஆறு மாதத்துக்குள் வர வேண்டும், வராவிட்டால் பக்கத்து ஊர் உறுப்பினர் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று முன்கூட்டியே அனுமதி வாங்கி வைக்க வேண்டும். கூட்டமைப்பே கலைந்தால் பிரதிகள் எந்த நூலகத்துக்கு, எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்பதை அந்த நிறுவனத்தோடு பேசி, அவர்கள் ஒப்புக்கொண்ட கடிதத்தோடு முதல் நாளே இணைத்துவிட வேண்டும்.

பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம், துணைவிதியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன விலகல் விதியை அந்தத் துணைவிதிக்குள்ளேயே போட்டுவிடுங்கள், தனியாக வாட்ஸ்அப் குழுவில் பேசி வைத்தால் இரண்டு வருடத்தில் யாருக்கும் நினைவிருக்காது. வருடாந்தரச் சரிபார்ப்புக்குத் தனியாகத் தேதி தேட வேண்டாம். படைப்புக்குப் பங்காளிகள் எப்படியும் ஊருக்கு வருகிறார்கள், டிஸ்க்கையும் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் முதலில் ஸ்கேன் செய்த அன்றே செக்சம் (கோப்பில் ஏதாவது மாறினால் தானும் மாறிவிடும் ஓர் அடையாள எண்) எடுத்துப் பட்டியலாக வைத்திருந்தால், மறுபடி ஓட்டி ஒப்பிடுவதுதான் வேலை. 2 டெராபைட் டிஸ்க் ஒன்றைப் படித்து முடிக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். ராத்திரி ஓடவிட்டால் காலைக்குள் பட்டியல் தயார், எந்தக் கோப்பு மாறியிருக்கிறதோ அதை மட்டும் அடுத்தவர் பிரதியில் இருந்து எடுத்துப் போட்டு, போட்டவர் பெயரையும் தேதியையும் சங்கத்தின் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும்.